உதடு ஒட்டாத பக்கம்

நாகபந்தம் என்றால் சும்மா இரண்டு பாம்பை முறுக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை உட்கார்ந்து வரைந்து பார்க்க வேண்டும். பாம்பின் உடம்பு நெடுகக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகச் செய்யுளை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பாம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இருக்கும் எழுத்து இரண்டு செய்யுளுக்கும் பொது. ஒரு வளைவு தப்பினால் அவ்வளவுதான், எல்லாம் குப்பைக்கூடைக்கு. நான் பதினோரு தாள் கிழித்தேன். பன்னிரண்டாவதில்தான் பாம்பு பாம்பாக வந்தது.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியர். ஓவிய வகுப்பு என்பது கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வதற்கென்றே ஆண்டவன் படைத்த ஒரு பீரியடு. அதனால் எனக்கு நேரம் நிறைய. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். இப்படிப் படத்துக்குள் பாட்டை அடைக்கும் சித்திரக்கவி என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களே என்று அவருக்கு ஒரே ஆற்றாமை. "அந்தக் காலத்துல இது வெளையாட்டுய்யா. நாமதான் அதைப் பரிச்சைக் கேள்வியாக்கிக் கொன்னுட்டோம். நான் புதுசா எழுதுதேன். நீரு படம் போடும்" என்றார். அப்படித்தான் எங்கள் படப் புத்தகம் தொடங்கியது. பாம்பு, தேர், சக்கரம், முரசு என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். படத்துக்குள் விரலை ஓட்டினால் ஒரு பாட்டு.

கடைசிப் பக்கம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. அதற்கு இதழகல் என்று பெயர். உதடு இரண்டும் ஒட்டாமலேயே பாடி முடிக்க வேண்டிய செய்யுள். ப, ம, வ வரக் கூடாது. உதட்டைக் குவிக்க வைக்கும் உ, ஊ, ஒ, ஓ கூடவே கூடாது. இதை எழுத அண்ணாச்சிக்கு மூன்று மாதம் ஆயிற்று. நான்கே அடி. நடுவில் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, "ம இல்லாம ஒரு மனுசன் என்னத்தலே பேசுவான்?" என்று கத்தினார். கடைசியில் எழுதித்தான் விட்டார்:

சாரல் தெறிக்கச் சிறகை நனைத்தாய்,
தென்னங் கீற்றில் நின்ற கிளியே!
ஈரக் காற்றில் சிலிர்த்த கிளியே,
இங்கே என்றன் கையில் நில்லே!

பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு எதை வரைவது? பாம்புப் பாட்டுக்குப் பாம்பு, தேர்ப் பாட்டுக்குத் தேர். இந்தப் பாட்டின் வித்தை காகிதத்தில் இல்லை, படிக்கிறவரின் வாயில் இருக்கிறது. வாயைத்தான் வரைய வேண்டும் என்று முடிவு செய்தேன். சாரலில் ஒரு பெண் நிற்கிறாள், கையில் கிளி, உதடு ஒட்டாமல் பாடுகிறாள். ஒரு சனிக்கிழமை முற்பகலில் உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் வந்துவிட்டது. அழிப்பானைத் தொடவே இல்லை. என் வாழ்நாளில் நான் வரைந்த முகங்களிலேயே உயிருள்ள முகம் அதுதான். அந்தக் கர்வத்தில் படத்தின் கீழே நானே ஒரு வரி எழுதினேன்: "இந்த அக்கா மாதிரி வாயை வைத்துக்கொண்டு பாடுங்கள், பார்க்கலாம்!"

சிவகாசியில் அச்சாகிப் புத்தகம் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி மண்டபத்தில் வெளியீடு. பொறுக்க முடியாமல் அன்றைக்கே ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போய் இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பாம்பில் விரல் ஓட்டினார்கள், தேரில் ஏறி இறங்கினார்கள், ஒரே கூத்து. கடைசிப் பக்கம் வந்தது. என் வரியைப் படித்தார்கள். வகுப்பு முழுவதும் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

உதட்டைத் திறந்து வைப்பார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர்கள் செய்தது அதுவல்ல. வலது பக்க உதடு மேலே ஏற, இடது பக்க உதடு கீழே தொங்க, இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அத்தனை பேரும் "சாரல் தெறிக்க" என்று பாடினார்கள். சிலர் சிரிப்பு தாங்காமல் பெஞ்சில் கவிழ்ந்தார்கள். "ஏலே, என்ன கோரணி இது? ஒழுங்கா வாய வைங்கலே!" என்று அதட்டினேன். முதல் பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "படத்துல இப்படித்தான சார் இருக்கு? இது எங்க ஊரு பழக்கடை அக்கால்லா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அது என் அக்கா.

என் கூடப் பிறந்த அக்கா. குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை வைத்திருக்கிறாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது அவளுடைய முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிருந்தது. முகவாதம் என்றார்கள். ஊசி, மாத்திரை, தைலம், வர்மம், எல்லாம் பார்த்தாயிற்று. கண் ஓரளவு தேறியது, உதடு தேறவில்லை. அன்று முதல் யார் எதிரே வந்தாலும் முந்தானை வாய்க்குப் போய்விடும். கல்யாண வீட்டு போட்டோ எதிலும் அவளுடைய முழு முகம் கிடையாது. அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த வாயை நான் பளபளவென்று நான்கு வண்ணத்தில் அச்சடித்து, இதே மாதிரி வாயை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அதில் அக்கா என்று எழுதியதும் நான்தான்.

புத்தகங்களைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். அது என் அக்கா என்று அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டிச் சொன்னேன். அவருக்கும் முகம் வெளிறியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டதே என்ற கவலை அவருக்கு. "அந்தப் பக்கத்துக்கு மேல ஒரு பூப்படத்த ஒட்டிருவோம். அக்கா புஸ்தகமா படிக்கப் போறாங்க? ஒண்ணும் தெரியாது, விடும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு வகுப்பே கோரணி காட்டிட்டு வீட்டுக்குப் போகப்போகுது. நாளைக்கு அந்தப் பிள்ளை கடைமுன்னால நின்னே காட்டும். ஒட்டுதாராம்!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். வரைந்தவன் நான்.

வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சீசன் களைகட்டியிருந்தது. சாரல் விட்டுவிட்டு அடித்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தலையில் துண்டோடும் உடம்பில் எண்ணெயோடும் இருந்தார்கள். நான் ஒருவன்தான் மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் தேறவில்லை.

அக்கா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே! இன்னைக்கி ஸ்கூல் இல்லியா? இந்தா, நனையாதே. உள்ளே ஏறி உக்காரு. டீ சொல்லட்டா?"

தார்ப்பாய்க்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்தேன். டீ வந்தது, குடித்தேன். அத்தான் எப்போது ஊருக்கு வருகிறார் என்று கேட்டேன். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எர்ணாகுளத்தில் செக்யூரிட்டியாக இருக்கிறார். "ஆடி கழியட்டுன்னு சொன்னாரு" என்றாள். பழ விளைச்சல் எப்படி என்று கேட்டேன். அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. அவள் என் மடியையே பார்த்தாள்.

"கையிலே என்ன? அக்காகிட்டே காட்ட என்ன யோசனை?"

பையை அவளே எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பாம்பைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தேரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நின்றாள். எனக்கு அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"இது நான்தானே" என்றாள்.

"தெரியாம வரைஞ்சிட்டேங்க்கா. சத்தியமாத் தெரியாது. மன்னிச்சிரு."

"தெரியாட்டா இத்தனை சரியா இருக்காதே, லே."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் படத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தாள். முதலில் கண்ணால் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். சாரல் தெறிக்கச் சிறகை நனைத்தாய். ஒரு தடங்கலும் இல்லை. எச்சில் தெறிக்கவில்லை, காற்று ஒழுகவில்லை. வாய் கோணுவதற்கு முன்னால் அவளுக்கு இருந்த அதே குரல், கணீரென்று. முந்தானை தோளிலேயே கிடந்தது. இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை யாரு எழுதினா?"

"எங்க பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். ரொம்பக் கஷ்டங்க்கா. உதடு ஒட்டாத எழுத்தாத் தேடித் தேடி எடுக்கணும். மூணு மாசம் ஆச்சி அவருக்கு."

"நாலே நாலடி. அதை எழுத இத்தனை நாளா?"

சிரித்தாள். முழு வாயும் தெரிய, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயமாகக்கூட இருந்தது.

"கண்ணை அடைச்சிக்கோ. கேட்டுக்கிட்டே இரு" என்றாள்.

கேரளாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கடை முன்னால் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "சேச்சி, இது எந்தா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

"அந்தா, அட்டையிலே இருக்கே சேட்டா. தின்னா கற்கண்டுதான். அரைக் கிலோ எடுக்கட்டா? தோலைக் கீறி உள்ளே இருக்க சுளையை எடுங்க. சட்டையிலே கறை ஆக்கிராதீங்க. இனிக்கலைன்னா காசே தராதீங்க."

சிரிப்புச் சத்தம், காகிதப் பை சத்தம். "சரி சேட்டா, நன்றி" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவள் சொன்னதை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ப இல்லை. ம இல்லை. வ இல்லை. அவள் விற்றது மங்குஸ்தான் பழம். மங்குஸ்தான் என்றும் சொல்லவில்லை, பழம் என்றும் சொல்லவில்லை. நான் வந்ததிலிருந்து அவள் பேசிய ஒவ்வொரு பேச்சையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. இலக்கணப்படி உ, ஒ வகையறாவும் கூடாதுதான். அதில் மட்டும் அவள் தனக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்திருந்தாள்.

அண்ணாச்சி மூன்று மாதம் முக்கி முனகி நான்கு அடி எழுதினார். இவள் பதினெட்டு வருஷமாகக் காலையிலிருந்து கடை சாத்தும் வரைக்கும் இதையே பேசிக்கொண்டிருக்கிறாள், யோசிக்காமல், சில்லறை எண்ணிக்கொண்டே, பழத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டே.

கண்ணைத் திறந்தேன். கடை முழுவதும் அட்டைகள் தொங்கின. மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம், பலாச்சுளை என்று ஒவ்வொன்றுக்கும் படமும் பெயரும் விலையும். எல்லாம் நான் வரைந்து கொடுத்தவை. எத்தனையோ சீசனுக்கு முன்னால் அவள்தான் கேட்டாள். மலையாளத்துக்காரர்கள் நிறைய வருகிறார்கள், அவர்களுக்காகக் கேட்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நல்ல வியாபாரத் தந்திரம் என்று பாராட்டக்கூடச் செய்தேன். அவள் வாயால் சொல்ல முடியாத பெயர்களைத்தான் நான் இத்தனை வருஷமும் படமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எப்போதும் ஏலேதான். பிரியத்தில் கூப்பிடுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதிர்ந்து போனால் எனக்குக் கோபம்தான் வரும். அது பிறவிக் குணம். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொல்லிட்டா, அதுக்கடுத்து நான் சொல்லுதது யாரு காதிலே ஏறுது? எல்லாரு கண்ணு இந்த உதட்டிலேதானே நிக்குது." புத்தகத்தை என் பக்கம் திருப்பிப் படத்தின் வாயைத் தொட்டுக் காட்டினாள். கோணலின் ஒவ்வொரு மடிப்பையும் நான் விடாமல் போட்டிருந்தேன். "நீ கண்ணாலே கண்டே. காதாலே கேக்கலியே."

அந்தப் பக்கத்தை எல்லாப் புத்தகத்திலிருந்தும் கிழித்துவிடுகிறேன் என்றேன். உடனே புத்தகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கிழிக்காதே. அது நான்தான். இருக்கட்டு." படத்தின் கீழே நான் எழுதிய வரியில் நகத்தால் கீறினாள். "இதை அடிச்சிரு."

அடித்தேன். சனிக்கிழமை பூராவும் நானும் அண்ணாச்சியும் உட்கார்ந்து கறுப்பு மையால் ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த வரியை அடித்தோம். ஏழாம் வகுப்பில் போய் நின்று, அது என் அக்கா என்று நானே சொன்னேன். வெளியீடு நடந்தது, கைதட்டினார்கள். அதெல்லாம் கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை, அவள் அப்படிச் சொன்ன பிறகு, கடையில் நடந்ததை.

மழை வலுத்துவிட்டது. கடை முன்னால் ஆள் இல்லை. அவள் தார்ப்பாயில் தேங்கிய நீரைக் குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொல்லாமல் விட்ட சொற்களையே என் மனசு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தது. பால், மழை, வீடு, தம்பி. அப்படியே போய் ஒரு சொல்லில் முட்டி நின்றது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மா இறந்தாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் மகள்தான் முதலில் வாய்விட்டு அழ வேண்டும். அம்மா அம்மா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் ஒப்பாரி வைத்தால்தான் மற்றப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். தூக்கும்போதும் ஒரு சத்தம் இல்லை. கல் நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். நான் அதோடு விடவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தியில் அத்தனை பேர் இருக்கும்போது, "நீயெல்லாம் ஒரு மகளா? பெத்த தாய்க்கு ஒரு குரல் அழத் தெரியல" என்று கேட்டேன். அவள் பதிலே சொல்லாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். குற்றம் உள்ளவள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நான் ஆறு வருஷமாக நம்பினேன்.

"அக்கா" என்றேன். "அம்மா செத்தன்னைக்கு..."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். நான் முடிக்க வேண்டியிருக்கவில்லை.

"தாயேன்னாவது அழுதிருக்கலாமேக்கா. அதுக்கு உதடு ஒட்ட வேண்டாமே." இதைக் கேட்டேன். இப்படி ஒரு நேரத்தில் இப்படிக் கேட்கத் தோன்றிய என் புத்தியை என்னவென்று சொல்வது.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். இரண்டு விரலால் தொங்கிய உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக அவள் ஒதுக்கி வைத்த எழுத்தெல்லாம் ஈரமும் காற்றுமாக, ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"அம்மாவத் தூக்கும்போது பாத்துப் பாத்தா பேச முடியும்? மனசுல வந்தது பூராம் ம்மா, ம்மான்னுதான் வந்துச்சி. வேற வார்த்தைக்கு நான் எங்கன போவேன்?"

எச்சில் விரல் வழியாக முழங்கை வரைக்கும் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "அம்மா" என்றாள். சாலையில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதட்டை விடவே இல்லை. "அம்மா, அம்மா" என்று பழத்தட்டுகளுக்கு நடுவில் நின்று குரலெடுத்து அழுதாள்.

பந்தியில் அவளைக் கேட்ட வாய் என்னுடையது. அதற்கு எந்த வாதமும் வந்ததில்லை, இரண்டு உதடும் நன்றாகவே ஒட்டும். அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை.